மொத்தம் எது?

மத்திய பட்ஜெட் தாக்கலாகும் நாளில், நாளிதழ் அலுவலகத்தின் வரைகலை மேசைக்கு வரும் முதல் வேலை ஒரு ரூபாய் நாணயம். ரூபாய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று நிதி அமைச்சகமே ‘பட்ஜெட் ஒரு பார்வை’ ஆவணத்தில் பைசாக் கணக்காகப் பிரித்துப் போட்டிருக்கும். அதைத் தமிழில் எழுதி, நான்கு பத்தி அகலத்துக்குள் இரண்டு வட்டங்களாக அடக்கி, பக்கம் மூடுவதற்குள் கொடுத்துவிட வேண்டும். எண்கள் கையில் இருக்கின்றன. கூட்டினால் நூறு வருகிறது. வட்டத்துக்கு 360 பாகை, ஆகவே ஒரு பைசாவுக்கு 3.6 பாகை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் புதிதாக வேலைக்கு வருபவர்கள் நினைப்பார்கள்.

2024-25க்கான பட்ஜெட்டையே எடுத்துக்கொள்வோம். தேர்தல் ஆண்டு என்பதால் முழு பட்ஜெட் ஜூலை 23 அன்றுதான் வந்தது. வரவுப் பக்கம் இப்படி: கடனும் பிற பொறுப்புகளும் 27 பைசா, வருமான வரி 19, ஜி.எஸ்.டி. 18, கம்பெனி வரி 17, வரியல்லாத வருவாய் 9, மத்திய கலால் வரி 5, சுங்க வரி 4, கடன் சாராத மூலதன வரவு 1. கோணமாக்கினால் கடனுக்கு 97.2 பாகை, செங்கோணத்தைவிடக் கொஞ்சம் அதிகம். கடைசி ஒரு பைசாவுக்கு 3.6 பாகை.

படம் முடிந்த நேரத்தில் வணிகப் பக்கம் பார்க்கும் தம்பி வந்து நின்றார். “சார், கடன் 27 பைசாதானா? நிதிப் பற்றாக்குறை 16.13 லட்சம் கோடி, மொத்தச் செலவு 48.21 லட்சம் கோடின்னு இதே ஆவணத்துல இருக்கு. வகுத்துப் பார்த்தா மூணுல ஒரு பங்குக்கு மேல வருதே?”

அவர் வகுத்ததில் தவறில்லை. 33 சதவீதத்துக்குச் சற்று மேலேதான் வருகிறது. அமைச்சகத்தின் 27 பைசாவிலும் தவறில்லை. விடை படத்தின் கீழே பொடி எழுத்தில் இருந்த குறிப்பில் இருந்தது. மத்திய அரசு வசூலிக்கும் வரியில் மாநிலங்களுக்குப் போகும் பங்கு அந்த ரூபாய்க்குள் சேர்த்தி. அந்த ஆண்டு அது சுமார் 12.47 லட்சம் கோடி. ஆவணத்தின் மற்ற அட்டவணைகளில் அதைக் கழித்துவிட்டுத்தான் 48.21 லட்சம் கோடி என்ற கணக்கே வருகிறது. ரூபாய்ப் படத்தில் கழிக்கவில்லை. எனவே அங்கே முழு ரூபாய் என்பது ஏறக்குறைய 60.7 லட்சம் கோடி. 16.13ஐ அதனால் வகுத்தால் 26.6, முழுமையாக்கினால் 27.

கடன் தொகை ஒன்றுதான். ஒரு வட்டத்தில் அதற்கு 97 பாகை, இன்னொரு வட்டத்தில் 120 பாகை. காலை காபியோடு பேப்பர் பார்ப்பவருக்கு முதல் வட்டம் ‘கால்வாசி கடன்’ என்று சொல்லும். இரண்டாவது ‘மூன்றில் ஒன்று கடன்’ என்று சொல்லும். இரண்டும் உண்மை. எந்த மொத்தத்தின் மேல் நின்று பேசுகிறோம் என்பதில்தான் வேறுபாடு. நான் அமைச்சகத்தின் வட்டத்தையே போட்டேன். ஆனால் அந்தப் பொடிக் குறிப்பை எடுத்து, தலைப்புக்கு அடுத்த வரியாக வைத்தேன். இடம் போதவில்லை என்று பக்க வடிவமைப்பாளர் வெட்டப் பார்த்த வரியும் அதுதான். வேண்டுமானால் நாணயத்தின் அசோகச் சின்னத்தை வெட்டுங்கள் என்றேன்.

பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் வட்ட விளக்கப்படத்துக்கு ஒரே ஒரு வாய்பாடுதான்: கூறின் மதிப்பை மொத்த மதிப்பால் வகுத்து 360ஆல் பெருக்கு. மாணவர்களின் கவனமெல்லாம் பெருக்கலில் போய்விடுகிறது. தேர்வில் பாகைகள் 360க்குக் கூடி வந்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். தொழிலுக்கு வந்தபின் எனக்குப் பெருக்கல் ஒரு பொருட்டாக இருந்ததே இல்லை. வகுக்கும் எண்ணைத் தேடுவதிலேயே பாதி நேரம் போகும். நிருபர் கொண்டுவரும் தாளில் கூறுகள் இருக்கும். மொத்தம் பெரும்பாலும் இருக்காது, அல்லது வேறொரு மொத்தம் இருக்கும்.

மொத்தமே இல்லாத எண்களும் உண்டு. மாவட்ட வாரியாக எழுத்தறிவு விகிதம், ஊர் வாரியாக வெப்பநிலை, பாடவாரியாகத் தேர்ச்சி சதவீதம் ஆகியவற்றைக் கூட்டினால் வரும் எண்ணுக்குப் பொருள் கிடையாது. பொருளில்லாத எண்ணுக்கு வட்டம் போட முடியாது. ஆனால் கணினி போட்டுத்தரும், அதுதான் வம்பு. 2009 நவம்பரில் அமெரிக்காவின் சிகாகோ நகரத் தொலைக்காட்சி ஒன்று, குடியரசுக் கட்சியின் அடுத்த அதிபர் வேட்பாளர் பற்றிய கருத்துக்கணிப்பை வட்டமாகக் காட்டியது. சாரா பேலினுக்கு 70 சதவீதம், மைக் ஹக்கபிக்கு 63, மிட் ராம்னிக்கு 60. கூட்டினால் 193. ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்ட பெயரை ஆதரிக்க முடிகிற கேள்வியில்தான் இப்படி வரும். எண்கள் பொய்யில்லை, அவை ஒரே முழுமையின் துண்டுகளும் இல்லை. மூன்று பட்டைகளாகப் போட்டிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

இந்த வடிவத்தை முதலில் அச்சில் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுபவர் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர். நீராவி இயந்திரப் புகழ் ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராக இருந்தவர். 1786இல் கோட்டுப் படங்களோடு வணிகக் கணக்குகளை அச்சிட்டவர், 1801இல் ஐரோப்பிய நாடுகளின் நிலப்பரப்பு, மக்கள்தொகை, வருவாய் பற்றிய சிறுநூலில் வட்டத்தை எடுத்தார். துருக்கிப் பேரரசை ஒரு வட்டமாகப் போட்டு ஆசியப் பகுதிக்குப் பச்சை, ஐரோப்பியப் பகுதிக்குச் சிவப்பு, ஆப்பிரிக்கப் பகுதிக்கு மஞ்சள் என்று மூன்றாகப் பிரித்தார். வண்ணம் கையால் தீட்டியது. அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது அவர் தேர்ந்த பொருள். ஒரு பேரரசின் நிலம். எல்லை போட்ட, எந்தச் சந்தேகமும் இல்லாத முழுமை. அதில் மூன்றே கூறுகள். அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகளாக நாம் அந்த வட்டத்தின் மேல் ஏற்றிய சுமையை அவர் ஏற்றவில்லை. தம் நூலில் ஒவ்வொரு நாட்டு வட்டத்தின் பரப்பையும் அந்த நாட்டின் நிலப்பரப்புக்கு ஏற்ப வைத்தார் என்பதும் கவனிக்க வேண்டியது. மொத்தம் இரண்டு மடங்கானால் ஆரமும் இரண்டு மடங்காகக் கூடாது. அப்படிச் செய்தால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். 4 செ.மீ. ஆர வட்டத்துக்குப் பக்கத்தில் இரு மடங்கு மொத்தத்தைக் காட்ட 5.66 செ.மீ. போதும். இன்றும் பல பக்கங்களில் இது தவறிப்போவதைப் பார்க்கிறேன்.

நான் தொழில் பழகியது கையால் வரைந்த காலத்தின் கடைசியில். கார்ட்ரிட்ஜ் தாள், 2எச் பென்சில், கவராயம், பாகைமானி, ரோட்ரிங் பேனா. இன்று அவற்றுக்குத் தேவை இல்லை. ஆனால் கை கற்றுத்தந்தவற்றை எந்த மென்பொருளும் கற்றுத்தந்ததில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கவராயத்தின் முள் தாளில் துளை போடும். மை ஊற்றும்போது அந்தத் துளை கறுப்பாக ஊறிவிடும். மையத்தில் முதலில் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டிக்கொண்டு அதன்மேல் முள்ளை ஊன்ற வேண்டும். வட்டம் போட்டதும் மையத்திலிருந்து நேர் மேலே, கடிகாரத்தின் 12 இருக்கும் இடத்துக்கு, ஒரு மெல்லிய கோடு. அங்கிருந்துதான் எல்லா அளவும்.

கோணங்களைக் குறிப்பதில் பள்ளி வழியும் தொழில் வழியும் பிரியும் இடம் உண்டு. பள்ளியில் முதல் கூறை அளந்து கோடு போட்டு, பாகைமானியை அந்தக் கோட்டுக்கு நகர்த்தி, அடுத்த கூறை அளப்போம். ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் அரைப் பாகை பிசகும். எட்டுக் கூறு என்றால் கடைசித் துண்டு வந்து சேரும்போது பிசகெல்லாம் அதன் தலையில் விழும். ரூபாய்ப் படத்தில் கடைசித் துண்டே 3.6 பாகைதான், காணாமலே போய்விடும். ஆகவே பாகைமானியை நகர்த்தக் கூடாது. முதலில் கூட்டிக்கொண்டே போகும் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்: 97.2, 165.6, 230.4, 291.6, 324, 342, 356.4, 360. எல்லாப் புள்ளிகளையும் அந்த 12 மணிக் கோட்டிலிருந்தே விளிம்பில் குறிக்க வேண்டும். அரை வட்டப் பாகைமானி வைத்திருப்பவர் 180ஐத் தாண்டியதும் 360இலிருந்து கழித்து மறுபக்கமாக அளக்கலாம். இப்படிச் செய்தால் பிசகு அந்தந்தக் கோட்டோடு நின்றுவிடும்.

மை போடும்போது கோட்டை மையத்திலிருந்து தொடங்கக் கூடாது. எட்டுக் கோடுகளும் கூடும் இடத்தில் மை குளம் கட்டிவிடும். விளிம்பிலிருந்து உள்ளே வந்து, மையத்துக்கு மயிரிழை முன்பாகப் பேனாவை எடுத்துவிட வேண்டும். மீதியைக் கண் நிரப்பிக்கொள்ளும். இதை எனக்குக் காட்டித்தந்த மூத்த ஓவியர் காரணம் எதுவும் சொல்லவில்லை. பேனாவைப் பிடுங்கி, செய்து காட்டிவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார்.

இன்னொன்று முழுமையாக்கல். மூன்று சம பங்கை 33, 33, 33 என்று எழுதினால் 99தான் வரும். உடனே ஒன்றை 34 ஆக்கிச் சரிக்கட்டுபவர்கள் இருக்கிறார்கள். செய்யக் கூடாது. கோணத்தை எப்போதும் மூல எண்ணிலிருந்து கணக்கிட வேண்டும். எழுதும் எண்ணை மட்டும் முழுமையாக்க வேண்டும். கூடுதல் 99 அல்லது 101 வந்தால் அப்படியே விட்டு, கீழே ஒரு வரி எழுதிவிட வேண்டும்.

வரிசை பற்றி ஆளுக்கு ஒரு கட்சி. 12 மணியில் தொடங்கி, பெரியதிலிருந்து சிறியதாக வலச்சுற்றாகப் போவதுதான் என் வழக்கம். நம் கண்ணுக்கு 37 பாகையும் தெரியாது, 61 பாகையும் தெரியாது. செங்கோணமும் நேர்கோடும் தெரியும். கால், அரை, முக்கால். முதல் துண்டு 12 மணிக் கோட்டில் தொடங்கினால், அது காலைத் தாண்டியதா, அரையை எட்டியதா என்பது சட்டென்று பிடிபடும். அதே துண்டை வட்டத்தின் இடுப்பில் சாய்த்து வைத்தால் அந்தப் பிடி போய்விடும். ‘இதர’ என்பது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கடைசியில்தான். 2024-25இன் செலவுப் பக்கத்தில் இதரச் செலவுகள் 9 பைசா, பாதுகாப்பு 8 பைசா. ராணுவத்தைவிடப் பெரிய ‘இதர’! அதைப் பார்த்து ஒரு வாசகருக்காவது ‘அதற்குள் என்ன இருக்கிறது’ என்று தோன்ற வேண்டும் என்பது என் ஆசை.

துண்டின் பெயரைத் துண்டின் மேலேயே எழுத வேண்டும். ஓரத்தில் வண்ணக் கட்டங்களாகக் குறியீட்டு அட்டவணை போட்டு, வாசகரின் கண்ணை எட்டு முறை அங்கும் இங்கும் ஓடவிடுவது சோம்பேறித்தனம். தமிழில் இதற்கு ஒரு தனி இடைஞ்சல் உண்டு. ரூபாய்ப் படத்தில் மிக மெல்லிய துண்டுக்குத்தான் மிக நீளமான பெயர்: கடன் சாராத மூலதன வரவு. 4 செ.மீ. ஆர வட்டத்தில் அந்தத் துண்டின் விளிம்பு அகலம் 2.5 மி.மீ. ஒரு எழுத்துகூட நிற்காது. அதை மட்டும் வெளியே எடுத்து, ஒரு மெல்லிய கோட்டால் இணைப்பேன். துண்டு 12 மணிக் கோட்டின் இடப்பக்கம் வந்து நிற்பதால் மேல் இடமூலையில் பெயருக்கு இடம் கிடைத்துவிடும். அந்த மூலையை விளம்பரத்துக்கு விட்டுத்தர மாட்டேன்.

வண்ணத்தில் நம் ஊர்ச் சிக்கல் வேறு. தேர்தல் படம் என்றால் தி.மு.க. கொடியிலும் கறுப்பு சிவப்பு, அ.தி.மு.க. கொடியிலும் கறுப்பு சிவப்பு. அடுத்தடுத்து நிற்கப்போகும் இரண்டு பெரிய துண்டுகளுக்கும் ஒரே நிறம் கொடுக்க முடியாது. ஒன்றுக்குச் சிவப்பு, மற்றதற்கு இரட்டை இலையின் பச்சை என்பது மேசைக்கு மேசை வழக்கமாகிவிட்டது. கம்யூனிஸ்ட் கட்சிகள் இரண்டும் வந்து எங்கள் சிவப்பு எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. தவிர, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண்கள் உண்டு. கறுப்பு வெள்ளையில் அச்சாகும் பக்கங்களும் உண்டு. அதனால் நிறம் எதுவானாலும் அடர்த்தி வேறாக இருக்க வேண்டும் என்று பார்ப்பேன். படத்தை ஒருமுறை சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். துண்டுகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடும் விடுவேன். அச்சில் நிறங்கள் லேசாக விலகினாலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது.

கணினி வந்தபின் சேர்ந்த நோய் முப்பரிமாணம். வட்டத்தைச் சாய்த்து, அதற்குக் கனம் கொடுத்து, நிழல் போட்டு வைப்பது. சாய்த்ததும் வட்டம் நீள்வட்டமாகிறது. முன்னால் இருக்கும் துண்டுக்குப் பக்கச் சுவரும் சேர்ந்துகொள்கிறது. பின்னால் இருப்பது ஒடுங்குகிறது. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் காட்டிய அமெரிக்க ஸ்மார்ட்போன் சந்தைப் படம் இதற்குப் பெயர்போனது. ஆப்பிளின் 19.5 சதவீதத் துண்டு முன்பக்கம்; ‘மற்றவை’யின் 21.2 சதவீதம் பின்பக்கம். பார்ப்பவருக்கு ஆப்பிள்தான் பெரிதாகத் தெரிந்தது. எழுதிய எண் எல்லாம் சரி. விற்பனை மேடையில் அது தந்திரம் என்று விட்டுவிடலாம். செய்திப் பக்கத்தில் ரூபாய் நாணயத்தை ‘அழகுக்காக’ச் சாய்க்கச் சொல்லிக் கேட்பவர்களிடம் நான் இன்னமும் சண்டை போடுகிறேன்.

வட்டத்தையே வெறுக்கும் அறிஞர்கள் உண்டு. எட்வர்ட் டஃப்டி 1983இல் எழுதிய புகழ்பெற்ற நூலில் இதை ஏறக்குறைய ஒதுக்கியே வைத்துவிட்டார். 1984இல் கிளீவ்லாந்தும் மெக்கில்லும் சோதனை செய்து, ஒரே அளவுகோலில் வைத்த புள்ளிகளையும் பட்டைகளையும் மனிதர்கள் துல்லியமாக ஒப்பிடுகிறார்கள், கோணத்தையும் பரப்பையும் அந்த அளவுக்கு ஒப்பிட முடிவதில்லை என்று காட்டினார்கள். சரிதான். ஜி.எஸ்.டி.யின் 18 பைசாவையும் கம்பெனி வரியின் 17 பைசாவையும் என் வட்டத்தில் எண் எழுதாமல் காட்டினால் எது பெரிது என்று எனக்கே தெரியாது. ஆண்டுக்கு ஆண்டு மாறுவதையும் வட்டம் காட்டாது. வருமான வரி 2023-24இல் 15 பைசா, அடுத்த ஆண்டு 19, 2025-26இல் 22. நல்ல செய்தி அது. மூன்று வட்டங்களில் சிதறி வைத்தால் அமுங்கிப்போகும்; மூன்று பட்டைகளில் எழுந்து நிற்கும். அங்கே நானும் பட்டைதான் போடுவேன்.

ஆனால் 1926இலேயே ஈல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் மாணவர்களிடம் சோதித்து, ஒரு முழுமையில் ஒரு கூறு எத்தனை பங்கு என்று மதிப்பிடுவதில் வட்டம் பட்டைக்குக் குறைந்ததல்ல என்று எழுதியிருக்கிறார். என் அனுபவம் அவர் பக்கம். இந்தத் துண்டு அந்தத் துண்டைவிட எவ்வளவு பெரிது என்பது பட்டையின் கேள்வி. இந்தத் துண்டு முழுமையில் எவ்வளவு என்பது வட்டத்தின் கேள்வி. பட்டைகள் வரிசையாக நிற்கும்போது முழுமை எங்கும் தெரிவதில்லை. வட்டத்தில் அது மூடிய கோடாக, கண்ணெதிரே இருக்கிறது. நடுவில் ஓட்டை விட்ட வளையப் படத்தை நான் விரும்புவதும் இதனால்தான். ஓட்டை விட்டதும் மையக்கோணம் மறைந்து வில்லின் நீளம் மட்டும் மிஞ்சுகிறது என்று குறை சொல்வார்கள். எனக்கு அந்த ஓட்டையில் மொத்தத்தை எழுத இடம் கிடைக்கிறது.

இரண்டு வட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது என்ற விதியை நான் மீறும் இடமும் ஒன்று உண்டு: தேர்தல் முடிவு. 2011 தமிழகச் சட்டப்பேரவைத் தேர்தலில் தி.மு.க. பெற்ற வாக்கு 22.4 சதவீதம், இடங்கள் 23. அ.தி.மு.க. கூட்டணியில் நின்ற தே.மு.தி.க. பெற்ற வாக்கு 7.9 சதவீதம், இடங்கள் 29. வாக்கு வட்டத்தில் 81 பாகையும் 28 பாகையும். இட வட்டத்தில் 35 பாகையும் 45 பாகையும். 2021இல் நாம் தமிழர் கட்சிக்கு வாக்கு வட்டத்தில் 6.6 சதவீதம், அதாவது 24 பாகை. இட வட்டத்தில் கோடுகூட இல்லை. நம் தேர்தல் முறை பற்றிப் பத்திப் பத்தியாக எழுதுவதை இந்த இரண்டு வட்டங்கள் அரைப் பார்வையில் சொல்லிவிடும். வாக்கு வட்டத்தின் மொத்தம் பதிவான வாக்குகள்தான், வாக்காளர்கள் அல்ல என்ற வரியை மட்டும் விட்டுவிடக் கூடாது. வாக்களிக்காமல் வீட்டில் இருந்தவர்கள் இந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிறார்கள்.

இட வட்டத்தை இப்போதெல்லாம் அரை வட்டமாகத்தான் போடுகிறேன். உறுப்பினர் ஒருவருக்கு ஒரு புள்ளி. 234 புள்ளிகள், நடுவே செங்குத்தாக ஒரு கோடு. அந்தப் பக்கம் 117, இந்தப் பக்கம் 117. கோட்டைத் தாண்டினால் ஆட்சி. 2021இல் உதயசூரியன் சின்னத்தில் வென்ற 133 இடங்கள் 102 பாகைக்கு வந்து, கோட்டைத் தாண்டி நின்றன. எண்ணைப் படிக்காமலே புரியும் படம்.

2017 செப்டம்பர் 18 அன்று இதே அரை வட்டம் சிக்கலானது. பேரவைத் தலைவர் 18 உறுப்பினர்களைத் தகுதி நீக்கம் செய்தார். ஜெயலலிதா மறைவால் ஆர்.கே.நகர் ஏற்கெனவே காலி. அவையின் எண்ணிக்கை 215. பெரும்பான்மைக்கு 118 வேண்டாம், 108 போதும். 234 புள்ளி போட்டு 19ஐ வெள்ளையாக விட்டால் நடுக்கோடு இடப்பக்கம் சாய்கிறது. வாசகருக்கு ஏன் என்று புரியாது. 215 மட்டும் போட்டால் கோடு செங்குத்தாக நிற்கும், ஆனால் அன்றைய செய்தியே படத்தில் இருக்காது. செய்தி ஆசிரியர் முதலாவதைக் கேட்டார். நான் 215ஐ முழு அரை வட்டமாகப் போட்டு, அதற்குக் கீழே 19 வெற்றுப் புள்ளிகளைத் தனி வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் தொகுதியின் பெயரை எழுதிக் கொடுத்தேன். பெயர்களுக்கு இடம் பிடிக்க அரை வட்டத்தைக் கொஞ்சம் சிறியதாக்க வேண்டியிருந்தது.